பால் சொம்பு திண்ணையில் இல்லைன்னா

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துல என் அத்தை தனியா இருக்காங்க. வயசு 76. பிள்ளைங்கள்ல ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் சிங்கப்பூர். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ கொல்லையில இருந்த தென்னை மொத்தமும் சாய்ஞ்சுபோச்சு. கரண்ட் வர வாரக்கணக்காச்சு. தெருவே அத்தை வீட்டு வாசல்ல ஒரே அடுப்பா வச்சு ஆக்கிச் சாப்பிட்டாங்க. நாப்பது பேருக்கு எத்தனை படி அரிசின்னு அத்தைகிட்டதான் கேக்கணும். தோப்பு போன துக்கத்துல அவுங்க படுத்துடாம இருந்தது அந்த அடுப்பாலதான்னு நினைக்கிறேன்.

அப்புறம் பெரியவன் திருப்பூருக்குக் கூட்டிட்டுப் போனான். ஒரு மாசத்துல திரும்பிட்டாங்க. "மருமவ தங்கமான பொண்ணுடா. ஆனா காலையில எல்லாரும் வேலைக்குப் போயிட்டா, பேச்சுக்குச் சுவர்தான்."

சின்னவன் வீட்டுல கேமரா மாட்டினான். அத்தை அது மேல துண்டைப் போட்டு மூடிட்டாங்க. போன வருஷம் ஒருநாள் விடிகாலை கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டாங்க. கேமரா மூடாம இருந்தாலும் கிணத்தடி அதுல தெரியாது. பால்காரர்தான் திண்ணையில சொம்பைக் காணோமேன்னு கொல்லைப்பக்கமா போய்ப் பார்த்து 108-க்குக் கூப்பிட்டார். மணிக்கட்டு முறிவு. கட்டுப் பிரிக்கிற வரைக்கும் முறைவச்சுச் சோறு வந்துச்சு. நாலாவது வீட்டு ரசத்துல மிளகே இல்லைன்னு அதுக்கும் ஒரு குறை!

நீடாமங்கலத்திலிருந்து ஒருவர்: உங்க அத்தைக்குத் தெரு இருக்கு, கொடுத்துவச்சவங்க. எங்க அம்மா நடவு ஆள். இப்போ நடவுக்கும் மெஷின், அறுப்புக்கும் மெஷின். குறுவையோ சம்பாவோ, வயல்ல நாலு பேரோட நின்னு பேசுறதே போச்சு. முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் வருது, மருந்து மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. ஆனா அம்மா காத்துக் கிடந்தது நூறு நாள் வேலைக்குத்தான். கூலியை விட அந்த வேப்பமரத்தடிப் பேச்சுக்காக.

திருவையாறு வாசகி: அக்கம்பக்கத்துல யாருமே இல்லாத பெரியவங்களுக்கு 14567-ன்னு உதவி எண் இருக்கு. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், காசு கிடையாது. எங்க பெரியப்பாவுக்கு அதைச் செல்போன்ல பதிஞ்சு கொடுத்திருக்கேன். ஒருதடவை கூடக் கூப்பிடலை, ஆனா தினமும் நம்பர் இருக்கான்னு பார்த்துக்கிறார்.

முதலில் எழுதியவர்: கேட்டவங்களுக்கு: கை கூடிடுச்சு. துண்டு இன்னும் கேமரா மேலதான். பால்காரருக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாங்க. "அப்புறமாவது அளவு கொஞ்சம் கூட ஊத்துவான்னு பார்த்தேன், ம்ஹூம்"னாங்க.