மறு: சைக்கிள் சக்கரக் கோட்டம் – கலைச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய சைக்கிளை வீட்டு ஷெட்டிலேயே பிரித்துச் சீர்செய்வதற்கான கையேட்டுக்குக் கேட்ட சொற்களில், நெளிந்து ஓடும் சக்கரத்தைச் சரிசெய்யும் வேலைக்கு மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: சக்கர நேராக்கம், வட்டத் திருத்தம், கோட்டநீக்கம். முதல் இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவதில் 'கோட்டம்' (வளைவு) என்ற பாதி சரி.

தமிழ்நாட்டில் சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததும், "வீல்ல கோட்டம் இருக்குண்ணே, எடுத்துரலாம்" என்பார். இந்த வேலைக்குப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது: கோட்டம் எடுத்தல். களை எடுத்தல், சிக்கு எடுத்தல் என்கிறோமே, அதே 'எடுத்தல்'தான். ஆகவே பெயர்ச்சொல்லாகக் 'கோட்டமெடுப்பு' போதும். 'நீக்கம்' இலக்கணப்படி குற்றமில்லை, ஆனால் கடையில் நின்று அப்படிச் சொன்னால் திரும்பவும் விளக்க வேண்டிவரும். கையேடு யாருக்கு? நிப்பிள் சாவியை (சக்கரக் கம்பிகளை இறுக்கும் சிறு சாவி) கையில் பிடிக்கப்போகிறவருக்கு.

ஒரு நண்பர் கேட்டிருந்தார்: கோட்டம் என்றால் வாசகர் மதுரைக் கோட்டம், வள்ளுவர் கோட்டம் என்றல்லவா நினைப்பார்?

நினைக்க மாட்டார். ரயில்வேக் கோட்டத்தையும் சக்கரக் கோட்டத்தையும் எந்த வாசகரும் குழப்பிக்கொள்ளப்போவதில்லை. வளைவு என்ற பொருள் இந்தச் சொல்லுக்குப் புதிதாக ஏற்றியதும் அல்ல. நடுவுநிலைமை அதிகாரத்தில் "சொற்கோட்டம் இல்லது செப்பம்" என்று வருகிறது. அங்கே கோட்டத்துக்கு எதிர்ச்சொல் செப்பம். செப்பனிடுதல் என்று நாம் சொல்வதும் அந்தச் செப்பத்திலிருந்து வந்ததுதான். நூல் வழக்கும் கடை வழக்கும் ஒரே சொல்லில் இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம். அதைக் கைவிட்டுவிட்டு 'நேராக்கம்' என்று போகக் கூடாது. சக்கரம் வட்டமானது, அதை நேராக்குவது என்றால் என்ன என்று படிப்பவர் யோசித்து நிற்பார்.

ஆனால் கோட்டம் என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டு நிறுத்திக்கொண்டால் கையேடு தடுமாறும். சக்கரத்தில் பார்க்க வேண்டியவை நான்கு. நான்குக்கும் நான்கு தனிச்சொல் தேவை.

இப்போது என் ஷெட்டில் தொங்குவது அம்பத்தூரில் செய்த பழைய ஹெர்குலிஸ். 28 × 1½ டயர், ராடு பிரேக், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. கூரைக் குழாயில் கயிறு கட்டித் தூக்கியிருக்கிறேன். ஃபோர்க்கில் (சக்கரத்தைத் தாங்கும் கவை) சாக்பீஸை அழுத்திப் பிடித்து, ரிம்மின் பக்கவாட்டை உரசுமாறு மெல்ல முன்னகர்த்திக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினால், பக்கவாட்டில் பிதுங்கிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அதுதான் கோட்டம். கோடு வலப்பக்கம் விழுந்தால் அந்த இடத்தில் ஹப்பின் (சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் உருளை) இடது விளிம்புக்குப் போகும் கம்பிகளை இறுக்கி, வலது விளிம்புக்குப் போகும் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு நிப்பிளில் (கம்பியின் ரிம் பக்க நுனியில் இருக்கும் சிறு மரை) கால் சுற்று போதும். ஆசைப்பட்டு முழுச்சுற்று திருகினால் கோட்டம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். துருவேறிய நிப்பிளில் முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்காவிட்டால், சாவி வழுக்கி முனை மழுங்கிவிடும். பிறகு கம்பியை வெட்டுவதைத் தவிர வழியில்லை.

சாக்பீஸைப் பக்கவாட்டில் பிடிக்காமல் டயரைக் கழற்றி ரிம்முக்கு மேலே பிடித்தால் வேறொரு குறை தெரியும். ரிம் சில இடத்தில் மேடாகவும் சில இடத்தில் பள்ளமாகவும் ஓடும். இதற்கு 'ஆரக் கோட்டம்' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல முயற்சி. ஆனால் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள தூரம் இலங்கைப் பாடநூல்களில் ஆரம் அல்ல, ஆரை. போக்ஸ் கம்பிக்கே ஆரக்கால் என்ற பெயரும் இருப்பதால், ஆரம் என்றதும் கம்பி வளைந்திருக்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. வண்டி ஓட்டுபவர் இதை "வீல் குதிக்குது" என்றுதான் சொல்கிறார். 'குதிப்பு' என்றே வைத்துவிடலாம். மேட்டில் இரண்டு பக்கக் கம்பிகளையும் சம அளவில் இறுக்கியும், பள்ளத்தில் இரண்டு பக்கத்தையும் தளர்த்தியும் குதிப்பை எடுக்க வேண்டும்.

கோட்டத்தையும் குதிப்பையும் ஏன் பிரிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் ராடு பிரேக்கைக் கவனிக்கட்டும். வயர் பிரேக்கில் கட்டைகள் ரிம்மை இரு பக்கமும் கவ்வும், அதனால் சிறு கோட்டம் இருந்தாலே கட்டை உரசும். ராடு பிரேக்கில் கட்டை இருப்பது ரிம்முக்கு உட்புறம். ஹப்பைப் பார்த்திருக்கும் பரப்பில்தான் அது வந்து அழுந்தும். சின்னக் கோட்டத்தை அந்தப் பிரேக் பொறுத்துக்கொள்ளும், குதிப்பைப் பொறுக்காது. பள்ளமான இடத்தில் ரிம் கட்டையை நோக்கி இறங்குவதால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது வெடுக்கென்று பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், ராடு பிரேக் வண்டி வைத்திருப்பவர் தேவையற்றதைச் சரிசெய்துகொண்டு தேவையானதை விட்டுவிடுவார்.

மூன்றாவது சொல் 'ஆட்டம்'. இதைக் கோட்டத்துக்கு மாற்றாக யாரும் எழுதிவிடக் கூடாது. ஆட்டம் என்பது ஹப்பில் கோன் (உள்ளே உருளும் குண்டுகளை அணைத்திருக்கும் கூம்பு மரை) தளர்ந்து சக்கரம் அச்சிலேயே அசைவது. குண்டுகள் தேய்ந்திருந்தாலும் வரும். ஆட்டத்தை நிறுத்தாமல் கோட்டம் பார்த்தால் சாக்பீஸ் கோடு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வோர் இடத்தில் விழும். கையேட்டில் முதல் வரியாக வர வேண்டியது: ஆட்டம் நிறுத்திய பின்பே கோட்டம்.

நான்காவது, ரிம் துல்லியமாக ஓடினாலும் ஃபோர்க்கின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக நிற்பது. "ரிம் ஒதுங்கி நிக்குது" என்போம். 'ஒதுக்கம்' என்று பரிந்துரைக்கிறேன். பின்சக்கரத்தில் ஃப்ரீவீலுக்கு (செயின் ஓடும் பின்பக்கப் பல்சக்கரம்) இடம் விட வேண்டியிருப்பதால், ரிம்மை நடுவில் நிறுத்த அங்கே ஃப்ரீவீல் பக்கக் கம்பிகள் சற்றுக் கூடுதல் இறுக்கமாகவே இருக்கும். கம்பிகளை விரலால் மீட்டிப் பார்த்து ஒலியை ஒப்பிடும்போது, ஒரே பக்கத்துக் கம்பிகளைத்தான் ஒப்பிட வேண்டும். சக்கரத்தை ஃபோர்க்கில் திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒதுக்கம் உடனே தெரியும்.

போக்ஸ் கம்பி, நிப்பிள், ஃப்ரீவீல், கோன் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுவோம். உதிரிபாகக் கடையில் இந்தப் பெயர்களில்தான் கேட்டு வாங்க வேண்டும். சக்கரமா சில்லா என்ற கேள்விக்கு என் பதில்: ஈழத்து வாசகருக்குச் சில்லுதான் இயல்பு, ஆகவே 'சில்லுக் கோட்டம்' என்று அங்கே எழுதுவதில் ஒரு தடையும் இல்லை. 'ஓவராயில்' என்ற கடைச்சொல்லையும் கையேட்டில் ஓரிடத்திலாவது சேர்க்க வேண்டும். முழு வண்டியையும் பிரித்து, கழுவி, கிரீஸ் போட்டுத் திரும்பப் பூட்டும் வேலைக்கு வேறு எந்தச் சொல்லும் இவ்வளவு பழக்கத்தில் இல்லை.

கோட்டமெடுப்பு, குதிப்பு, ஆட்டம், ஒதுக்கம் நான்கையும் கையேட்டின் சக்கரப் பகுதியில் போட்டு வரைவை அனுப்புகிறேன். தெருவில் சைக்கிள் கடை உள்ளவர்கள் வரைவைக் கடைக்காரரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்தி வேறு சொல் சொல்கிறாரோ, அந்தச் சொல்லை எழுதி அனுப்புங்கள். என் சொல்லைவிட அவர் சொல்லுக்கே முதலிடம்.