ஸ்கூல் பஸ்ஸுக்கு டிரைவர் கிடைக்க மாட்டேங்குறாங்க, எங்க தேடறது?

கோபிக்காரன்:
வணக்கம்ங்க. கோபி பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல டிரான்ஸ்போர்ட் பாத்துக்கறேன். 14 பஸ் இருக்கு, டிரைவர் 11 பேர்தான். மூணு ரூட்டை பக்கத்து ரூட்டோட சேத்து விட்டதுல தூரத்து ஊர்க் குழந்தைங்க காலைல 6:40க்கே ரோட்ல வந்து நிக்குதுங்க, ஒரு எல்கேஜி பாப்பா தினமும் அம்மா தோள்ல தூங்கிட்டேதான் வருது, பாக்க மனசு கேக்கல. பேப்பர்ல விளம்பரம் குடுத்தாச்சு, டிரைவிங் ஸ்கூல்லயும் சொல்லி வெச்சாச்சு. வர்ற பசங்ககிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு, 5 வருஷ அனுபவம் இல்ல. அது சுப்ரீம் கோர்ட் 1997லயே சொன்னது, அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். வேற வழி இருந்தா சொல்லுங்க.

ஸ்டீயரிங்:
அண்ணா, நான் எட்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு போன வருஷந்தான் விட்டேன், இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனி பஸ். டிரைவருங்க இருக்காங்கண்ணா, ஸ்கூலுக்குத்தான் வர மாட்டேங்கறாங்க. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடுனா 9 மணிக்கு டிரிப் முடிஞ்சுரும், அப்புறம் 3:30 வரைக்கும் வீட்டுக்கும் போக முடியாது வேற வேலைக்கும் போக முடியாது, வண்டிக்குள்ளயே வேகாத வெயில்ல படுத்துக் கெடக்கணும். மே மாசம் லீவுன்னு பாதிச் சம்பளம், ஆனா ஆர்டிஓ இன்ஸ்பெக்ஷன் அந்த மாசந்தான், பெயிண்ட், எமர்ஜென்சி கதவு, தரைப் பலகைன்னு வண்டிய ரெடி பண்றது பூரா நாங்கதான். 2012ல தாம்பரம் பக்கம் பஸ் ஓட்டை வழியா ஒரு குழந்தை விழுந்து இறந்துச்சே, அதுக்கப்புறம் பலகைய மிதிச்சுப் பாக்காம ஒருநாளும் நான் வண்டி எடுத்ததில்ல. அந்த வேலைக்கு முழுச் சம்பளம் கேட்டதுக்கு வேற ஆள் பாத்துக்கறோம்னுட்டாங்க.

பாஸ்டன் அப்பா:
தம்பி சொல்றது நூறு சதவீதம் சரி. நான் இருக்கறது மாசசூசெட்ஸ், 2021 செப்டம்பர்ல டிரைவர் இல்லாம இங்க கவர்னரே நேஷனல் கார்டுங்கற ரிசர்வ் ராணுவப் படை ஆளுங்கள 250 பேர் வரைக்கும் ஸ்கூல் வேன் ஓட்ட இறக்குனாரு. காலைல கொஞ்சம் சாயங்காலம் கொஞ்சம்னு வேலை, அதே லைசென்ஸ்ல லாரி ஓட்டுனா முழுநாள் சம்பளம், யாரு வருவா? இப்ப பல ஊர்ல டிரெய்னிங் நாளுக்கே சம்பளம் குடுத்து லைசென்ஸ் செலவையும் ஏத்துக்கறாங்க.

பவானி அக்கா:
எங்க அப்பா கவர்மென்ட் பஸ்ல ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டுனாருங்க. பக்கத்து டெப்போல ரிட்டயர் ஆனவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கண் டெஸ்ட் மட்டும் கண்டிப்பா எடுக்கச் சொல்லுங்க. குழந்தைங்க கம்மியா இருக்கற ரூட்டுக்கு சின்ன வேன் விடலாம், 7500 கிலோவுக்குள்ளன்னா கார் ஓட்டற எல்எம்வி லைசென்ஸே போதும்னு சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர்ல சொல்லிருச்சு. அனுபவம் மட்டும் அங்கயும் பாருங்க.

கோபிக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். மே மாசச் சம்பளம் எங்க ஸ்கூல்லயும் பாதிதான், இத்தன நாளா அத நான் யோசிக்கவே இல்ல. திங்கக்கிழமை கரஸ்பாண்டன்ட்கிட்ட 12 மாசமும் முழுச் சம்பளம், பகல்ல படுக்க ஃபேன் போட்ட ஒரு ரூம், ரெண்டும் கேக்கப் போறேன். ஸ்டீயரிங் தம்பி, அது ஓகே ஆச்சுன்னா நீங்க வருவீங்களா?

ஸ்டீயரிங்:
எழுத்துல குடுத்தா வர்றேண்ணா. அந்தப் பாப்பா எந்த ரூட்டுங்க?