எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எலெக்ட்ரான் மென்பொருள்: உங்கள் அனுபவம் என்ன?

லயத்துப் பையன்

சம்பள நாளன்று ஸ்கிரீன் வெள்ளையாகிப் போனது. மூன்று வருஷமாகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் ஒரு செம்பனைத் தோட்டம். பெரட்டில் (காலையில் ஆள் எடுக்கும் இடத்தில்) பேர் போடுவது, குலைக் கணக்கு, உதிரிப் பழம், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மென்பொருள் கேட்டார்கள். எலெக்ட்ரானில் செய்துகொடுத்தேன், வலைப்பக்கம் எழுதும் மொழிகளிலேயே கம்ப்யூட்டர் மென்பொருள் செய்ய உதவும் கருவி அது. எனக்குக் கைவந்தது எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். என் வீட்டில் மேக், ஆபீஸில் விண்டோஸ், ஒரே நிரல் இரண்டிலும் ஓடும். ஒன்றரை மாசத்தில் முடித்தேன். வேறு வழியில் போயிருந்தால் அரை வருஷம் இழுத்திருக்கும்.

கிராணியின் (ஆபீஸ் எழுத்தரின்) கம்ப்யூட்டரை நான் முன்கூட்டியே பார்க்கவில்லை. 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். குரோமில் புலனமும் (வாட்ஸ்அப்) மின்னஞ்சலும் நாள் முழுக்கத் திறந்திருக்கும், கூட ஒரு பெரிய எக்செல், அதற்கு மேல் என் மென்பொருள். எலெக்ட்ரான் என்றால் உள்ளே முழுக் குரோமியமே, அதாவது குரோமுக்கு அடித்தளமான உலாவியே, உட்கார்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். டாஸ்க் மேனேஜரில் என் ஒரே மென்பொருள் நாலு வரியாக நின்றது. குரோம் தனியாக ஒரு பத்து வரி. ஒரே எஞ்சினை அந்த ஏழைப் பெட்டி இரண்டு தடவை சுமந்தது.

அன்றைக்கு நல்ல மழை. கௌண்டரில் வரிசை. உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு அம்மாவின் முறை வந்தது. கிராணி பெயரை அமுக்கினார். ஜன்னல் வெள்ளையானது. மேலே தலைப்பு மட்டும் இருந்தது. பெயரில்லை, தொகையில்லை, அமுக்கப் பொத்தானில்லை. குடையிலிருந்து தண்ணீர் சொட்ட அந்த அம்மா எட்டிப் பார்த்து, "என் பேரு அழிஞ்சி போச்சா தம்பி?" என்று கேட்டார்.

அழியவில்லை. கணக்கு எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் பத்திரமாக இருந்தது. நினைவகம் போதாமல் ஜன்னலை வரைகிற செயல் (பிராசஸ்) மட்டும் செத்துப்போயிருந்தது. இதை அவருக்கு எந்த வார்த்தையில் சொல்வது? கிராணி ஒன்றும் பேசாமல் இழுப்பறையிலிருந்து நீளமான செக்ரோல் புத்தகத்தை (கையால் எழுதும் சம்பளப் பதிவேட்டை) எடுத்தார். அடிக்கோலை ஒரு வரியில் வைத்து, தொகையைப் படித்துக் காட்டினார். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பி என் மென்பொருள் மறுபடி திறக்க 4 நிமிஷம் 10 விநாடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எனக்கு மிச்சமான அந்த நாலரை மாசத்தை யார் தலையில் கட்டினேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மளிகைக்கடை அக்கா

தம்பி, இவ்வளவு பழியும் நீயே சுமக்காதே. நான் மறுபக்கத்துல நின்னு பார்த்தவ.

பட்டணத்துல எங்க கடை. முன்னே இருந்த பில்லிங் மென்பொருள்ல 'கொத்தமல்லி'ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், க நடுவுல, கால் தனியா ஒரு புள்ளி வட்டத்தோட நிக்கும். ரசீதுல அதுவும் கிடையாது, வரிசையா கேள்விக்குறிதான். ரசீது அச்சடிக்கிற அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள தமிழ் எழுத்தே இல்லையாம். அதனால பதினெட்டு வருஷமா சாமான் பேரெல்லாம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும்தான் போட்டோம்.

இப்ப இருக்கிறது எலெக்ட்ரான்ல செஞ்சது. ரசீத ஒரு வலைப்பக்கம் மாதிரி வரைஞ்சு, அப்படியே படமா பிரிண்டருக்கு அனுப்புது. தீபாவளிக்கு நாலு நாள் முன்னே, பற்று வெச்சு வாங்குற ஒரு தாத்தா வந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில மூணாம் வகுப்பு வரைக்கும் படிச்சவர், வேற மொழி வாசிக்கத் தெரியாது. ரசீத வாங்கி, கண்ணாடிய ஏத்திக்கிட்டு, விரல வெச்சு வெச்சு படிச்சார். பச்சரிசி. உளுந்து. கொத்தமல்லி. கடைசி வரிக்கு வந்ததும், "கணக்கு சரியாத்தான் இருக்கு"ன்னார். அதுவரைக்கும் நான் சொல்றதத்தான் அவர் நம்பிட்டுப் போவார்.

என் கம்ப்யூட்டர் 8 ஜிபி. எத்தனை எம்பி தின்னுதுன்னு நான் பார்த்ததே இல்ல.

பழைய பேசிக்காரர்

அக்கா சொல்வதில் ஒரு தவறு இருக்கிறது, அதை விட முடியாது. தமிழ் உடைந்தது விஷுவல் பேசிக் 6 போன்ற பழைய கருவிகளில், அவற்றின் பெட்டிகளும் பொத்தான்களும் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் முறையை அறியாதவை என்பதால். விண்டோஸ் தன் சொந்தத் திறனில் தமிழை ஒழுங்காக வரையத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மைக்ரோசாப்டின் டாட்நெட்டில் எழுதினாலும் 'கொ' சரியாகவே வரும், படமாக அனுப்பினால் அச்சிலும் வரும். அந்த ஒரு எழுத்துக்காக முழு உலாவியைக் கட்டிச் சுமக்க வேண்டியதில்லை. நம் ஊர்க்காரர் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் எழுத்து மென்பொருளின் வேலையைத் தொடங்கிவிட்டார். அந்தக் காலக் கம்ப்யூட்டர்களில் எவ்வளவு நினைவகம் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

நான் 1999-இல் ஒரு தோட்டத்துக்கு செக்ரோல் மென்பொருள் எழுதினேன். மூன்று ஃபிளாப்பியில் அடங்கியது, ஒன்று 1.44 எம்பி. விண்டோஸ் 11-இலும் இன்று அது திறக்கிறது.

என்னை உறுத்துவது கோயில் விஷயம். எங்கள் கோயில் கமிட்டி ஆபீஸில் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர். சந்தா, அர்ச்சனைச் சீட்டு, தீமிதிக்குக் காப்புக் கட்டுபவர்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் அதில். மென்பொருள் விற்றவர்கள் 2023-இல் புதிய பதிப்பை அனுப்பினார்கள். நிறுவினோம், திறக்கவில்லை. பழையதை நாங்கள் அழித்தாகிவிட்டது. எலெக்ட்ரானின் 23-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவு நின்றது, ஏனென்றால் குரோமியம் நிறுத்தியது. ஒரு பெயர்ப் பட்டியலைக் காட்டுவதற்கும் உலாவியின் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்? தீமிதிக்கு ஆறு நாள் இருக்கையில் கோயில் பணத்தில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். உண்டியல் சில்லறையைக் கட்டுக் கட்டாக எண்ணிக் கொடுத்தது நான்.

எடைமேடை

ஐயா, நானும் ஒரு காலத்தில் உங்கள் பக்கம்தான். பாமாயில் மில்லில் லோரி எடை போடும் இடத்தில் வேலை. தலைமையகம் முழுக்க உலாவியிலேயே ஓடும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. இடி இடித்தது, லைன் போனது, பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே பதினொரு லோரி. வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குள் போக வேண்டும், தள்ளிப்போனால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும். எடை எழுதும் பிள்ளை பேப்பர் தேடக்கூட நேரமில்லாமல் இடது முழங்கையில் பேனாவால் எழுதினாள். மூன்று லோரியின் எடை அவள் கையில் இருந்தது. மழையில் வெளியே போகாதே என்று கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் எலெக்ட்ரானில் எழுதினோம். ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ் உள்ளேயே இருப்பதால் எடை காட்டும் பெட்டியின் ஆர்எஸ்-232 கேபிளை நேராகப் படிக்கலாம். கணக்கு அந்த டிஸ்கிலேயே இருக்கும், லைன் வந்ததும் தலைமையகத்துக்குப் போகும்.

தம்பிக்கு இப்போது சொல்கிறேன். எல்லாரும் உன்னை டவ்ரிக்கு, எலெக்ட்ரான் மாதிரியே இன்னொரு கருவிக்கு, மாறச் சொல்வார்கள். 2022-இல் முதல் பதிப்பு வந்தது, சில எம்பியிலேயே நிறுவி முடியும் என்பது உண்மை, ஏனென்றால் அது உலாவியைத் தூக்கிக்கொண்டு வராமல் கம்ப்யூட்டரில் இருப்பதைப் பயன்படுத்துகிறது. ஆனால் விண்டோஸில் அந்த இருப்பது வெப்வியூ2, அதுவும் குரோமியம்தான். டிஸ்கும் டவுன்லோடும் மிச்சமாகும், ஆனால் ரேம் நீ நினைக்கிற அளவுக்கு மிச்சமாகாது. மேக்கில் அதே பக்கம் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினில் ஓடும், அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் தனியாகச் சோதிக்க வேண்டும். பின்புறம் ரஸ்ட் என்ற மொழியில் எழுத வேண்டும், அதைக் கற்கும் மாசங்களையும் கணக்கில் சேர்.

முதலில் உன் ஜன்னலில் எத்தனை வரி வரைகிறாய் என்று பார். அறுநூறு பேரின் பட்டியல் முழுவதையும் ஒரே தடவையில் வரைந்தால் எந்தப் பெட்டியும் திணறும். கண்ணுக்குத் தெரியும் முப்பது வரியை மட்டும் வரை. சம்பளக் கூட்டல் கழித்தலை ஜன்னலில் செய்யாதே, தனிச் செயலுக்குத் தள்ளு. விஎஸ் கோட் எலெக்ட்ரானில்தான் ஓடுகிறது. தேடுவதற்கு ரிப்கிரெப் என்று ரஸ்டில் எழுதிய தனிக் கருவி, நீட்சிகளுக்குத் தனிச் செயல். அதனால்தான் பெரிய கோப்புறையில் தேடும்போதும் எழுதும் இடம் உறைவதில்லை.

இன்னொன்று, யாரும் கேட்காவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். உலாவியைக் கட்டிக்கொண்டு வந்தால் அதன் பாதுகாப்பு ஓட்டைகளும் கூடவே வரும். 2023 செப்டம்பரில் வெப்பி (WebP) படங்களைப் படிக்கும் நூலகத்தில் ஓட்டை வந்தபோது குரோம் தன்னைத் தானே திருத்திக்கொண்டது. எலெக்ட்ரான் மென்பொருள்கள் ஒவ்வொன்றையும் செய்தவர்தான் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. கடைசி மூன்று பெரிய பதிப்புகளுக்கு மட்டுமே ஆதரவு, எட்டு வாரத்துக்கு ஒன்று வெளிவருகிறது. ஒரு தடவை செய்து கொடுத்துவிட்டு மறந்துபோகிற வேலை இல்லை இது. உன்னுடையது எந்தப் பதிப்பில் நிற்கிறது? ஜன்னலுக்குள் நோட் திறந்திருக்கிறதா? 12-ஆம் பதிப்புக்கு முந்தையது என்றால் பக்கத்தின் நிரலை உள்நிரலிலிருந்து பிரித்துவைக்கும் கான்டெக்ஸ்ட் ஐசோலேஷன் தானாக இருக்காது, நீயே போட வேண்டும். இன்றைக்கே பார்.

ஆறாம் டிவிஷன்

அண்ணே, தம்பி வழி கேட்கவில்லை. அந்த அம்மா கேட்ட கேள்வி தூங்கவிடவில்லை என்றுதான் சொன்னார்.

எங்கம்மா ரப்பர் பால் வெட்டினவங்க. பாலை நிறுத்து எழுதும்போது தன் பேருக்கு நேராக எண் விழுகிறதா என்று எட்டி எட்டிப் பார்ப்பாங்க. படிக்கத் தெரியாது. ஆனாலும் கிராணியின் பேனா அசைகிறதா என்று பார்ப்பாங்க. வெள்ளை ஸ்கிரீனில் அசைய எதுவுமே இல்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

லயத்துப் பையன்

ஆறாம் டிவிஷன், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நன்றி.

எடைமேடை அண்ணே, நீங்கள் கேட்டதற்கும் பதில். பட்டியல் முழுவதையும் ஒரே தடவையில்தான் வரைந்துகொண்டிருந்தேன், நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். அந்த வாரமே மாற்றினேன். ஜன்னல் செத்தால் எலெக்ட்ரான் முதன்மைச் செயலுக்குச் செய்தி அனுப்புகிறது. அதை நான் பிடிக்கவே இல்லை. இப்போது பிடித்து, அதே பெயரில் ஜன்னலை மறுபடி திறக்கிறேன். அதுவரை தமிழிலும் மலாயிலும் ஒரு வரி நிற்கும்: உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது. சம்பள நாளுக்கு முந்தின மாலையே எல்லாச் சீட்டும் தயாராகி, ஒரு பிரதி காகிதத்திலும் வந்துவிடும். பதிப்பு பழசுதான், இந்த வாரம் ஏற்றுகிறேன்.

பேசிக் ஐயா, டாட்நெட்டில் எழுதியிருந்தால் அந்தப் பெட்டி திணறியிருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. போன மாசம் தோட்டத்து மண்டோர்கள் (கங்காணிகள்) குலை எண்ணிக்கையைக் கைத்தொலைபேசியில் போட வேண்டும் என்று கேட்டார்கள். எச்டிஎம்எல்லில் எழுதியிருந்த அதே படிவங்களை எடுத்து ஒன்பது நாளில் கொடுத்தேன். அதை விட்டுவிட எனக்கு மனசில்லை.

ரேமும் பார்த்தேன். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தது. இன்னொரு 4 ஜிபி என் காசில் போட்டேன். கிராணி செக்ரோல் புத்தகத்தை மட்டும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

பழைய பேசிக்காரர்

தம்பி, கைத்தொலைபேசி விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருக்கிறது. கோயில் ரசீதையும் தமிழில் அச்சடிக்க வேண்டும் என்று கமிட்டி கேட்கிறது. அக்கா, உங்கள் பிரிண்டர் தாள் எத்தனை அகலம்?

மளிகைக்கடை அக்கா

80 மில்லிமீட்டர் ஐயா. முதல்ல 58 வாங்கினேன், அதுல 384 புள்ளிதான் ஒரு வரிக்கு, 'கொத்தமல்லி விதை' ரெண்டு வரியா உடையுது. 80-ல 576 புள்ளி. அர்ச்சனைச் சீட்டுல நட்சத்திரம், ராசி, பேரு எல்லாம் ஒரே வரியில வரணும்னா 80-தான் வாங்கணும். வேணும்னா கடைக்கு வாங்க, அடிச்சுக் காட்டுறேன்.