டியூன் படத்தில் சானியை மாற்றியது சரியா?

குருசுக்குப்பத்தான்:
ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் டியூனை (1965) மறுபடி படித்து முடித்த கையோடு டெனி வில்நேவ் எடுத்த இரண்டாம் பாகத்தையும் திரும்பப் பார்த்தேன். நாவலில் பாலைவனக் கிரகத்துப் பெண்ணான சானி, அவள் மக்களுக்கு மீட்பராக வரும் கதாநாயகன் பவுலை முழுசாக நம்புகிறவள். ஆட்சிக்காக அவன் இளவரசி இருலானைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்தும் அவனோடுதான் நிற்கிறாள். படத்திலோ முதலில் சந்தேகப்படுவதே அவள்தான். இந்தத் தீர்க்கதரிசனமெல்லாம் நம்மை அடிமையாக்க வந்தது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள், கடைசியில் எல்லாரும் தலைவணங்கும்போது நிமிர்ந்து நின்று, வெளியே போய், அந்த மக்கள் ஏறிப் போகும் ராட்சத மணல்புழுவை அழைத்துக் கிளம்பிவிடுகிறாள். என்னைக் கேட்டால் நாவலைவிட இதுதான் நல்ல முடிவு. நீங்கள் என்ன படிக்கிறீர்கள், பார்க்கிறீர்கள், அதையும் எழுதுங்கள்.

வீராணத்தான்:
நல்ல முடிவாக இருக்கலாம் தம்பி, ஆனால் அது ஹெர்பர்ட் எழுதிய கதை இல்லை. நாவலில் பவுலுக்கும் சானிக்கும் ஒரு குழந்தை பிறந்து, பேரரசரின் படை நடத்தும் தாக்குதலில் சாகிறது. பவுலின் தங்கை ஆலியா பிறந்து, நடந்து, பெரியவர்கள் மாதிரி பேசி, தன் கையால் வில்லன் பாரனை விஷ ஊசி குத்திக் கொல்கிறாள். படத்தில் ஆலியா கடைசிவரை அம்மா ஜெசிகாவின் வயிற்றைவிட்டு வெளியே வரவே இல்லை, பாரனைக் கொல்லும் வேலையும் பவுலுக்கே போய்விட்டது. வருடக்கணக்கில் ஓடும் கதையை ஒரு கர்ப்ப காலத்துக்குள் அடைத்தால், பாலைவன மக்களோடு அவன் எப்படிக் கலந்தான் என்பதே போய்விடுகிறதே.

நான் இப்போது படிப்பது பொன்னியின் செல்வன், நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வாங்கிய ஐந்து பாகம். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதில் எனக்குப் பெரிய குறை இருக்கிறது.

குருசுக்குப்பத்தான்:
அண்ணே, சந்தேகம் ஹெர்பர்ட்டிடமே இருக்கிறது. மீட்பர் வருவார் என்ற அந்த நம்பிக்கைகளை பெனி கெஸரிட் என்ற ரகசியச் சபைப் பெண்கள்தான் முன்கூட்டியே விதைத்துவைத்தார்கள் என்று நாவலே சொல்கிறது, தன் பேரில் நடக்கப்போகும் புனிதப் போரை நினைத்து பவுல் பக்கத்துக்குப் பக்கம் பயப்படுகிறான். ஆனால் அதெல்லாம் மனசுக்குள் ஓடும் பேச்சு. 1984இல் இதே நாவலைப் படமாக்கிய டேவிட் லிஞ்ச் அந்த மனப்பேச்சை அப்படியே கிசுகிசுக் குரலாகப் போட்டுப் பார்த்தார், கதையோடு ஒட்டவே இல்லை. வில்நேவ் அதே பயத்தை எடுத்து எதிரில் நிற்கும் ஒரு பெண்ணின் வாயில் வைத்தார். ஹெர்பர்ட் எச்சரிக்கையாக எழுதியதைப் பலர் வீரகதையாகப் படித்தார்கள். 1969இல் வந்த அடுத்த நாவலில் பவுலின் போரில் செத்தவர்கள் 6100 கோடி பேர் என்று அவர் கணக்கே போட்டுக் காட்டினார். படம் பார்த்தவனுக்கு அந்த எச்சரிக்கை சானியின் முகத்திலேயே கிடைத்துவிடுகிறது.

மஞ்சக்குப்பத்தாள்:
நான் சீன எழுத்தாளர் லியூ சிஷினின் த்ரீ பாடி பிராப்ளம் நாவலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு இரண்டு தொடர்கள் உண்டு. 2023இல் டென்சென்ட் எடுத்தது 30 பகுதி, நாவலைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்கிறது. 2024இல் நெட்ஃபிளிக்ஸ் எடுத்தது 8 பகுதி, ஆள்களையும் ஊரையும் மாற்றிவிட்டது. ஆனால் கதையில் வரும் விஞ்ஞானி யே வென்ஜியின் அப்பாவை, ஓர் இயற்பியல் பேராசிரியரை, பண்பாட்டுப் புரட்சியில் மேடையில் வைத்து அடித்தே கொல்கிறார்களே, மொத்தக் கதையின் வேரும் அதுதான். அவள் மனித இனத்தையே வெறுத்து, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த செய்திக்குப் பதில் அனுப்புவது அதனால்தான். எல்லாவற்றையும் மாற்றிய தொடர் அந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது, பக்கம் பக்கமாகப் போன தொடர் அதைப் பூசி மெழுகிவிட்டது. இதில் எது நாவலுக்கு விசுவாசம், நீங்களே சொல்லுங்கள் வீராணத்தான் அண்ணா.

வீராணத்தான்:
முதல் காட்சி விஷயத்தில் நெட்ஃபிளிக்ஸ் பக்கம்தான் நானும். அதற்காக நாவலின் நாயகனான வாங் மியாவ் என்ற ஒரே ஆளைப் பிய்த்து ஆக்ஸ்ஃபோர்டில் படித்த நண்பர் கூட்டமாக ஆக்கியதை ஏற்க முடியாது. தனியாக ஒருவன் கண் முன்னால் எண்கள் ஓடும்போது வரும் திகில், ஐந்து பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்கும்போது எங்கே வரும்?

இப்போது என் குறை. எங்கள் காட்டுமன்னார்கோயில் வீராணம் ஏரிக்கரையில், ஆடிப்பெருக்கு அன்று, வந்தியத்தேவன் குதிரையில் வருவதில்தான் கல்கி தொடங்குகிறார். 2022இல் வந்த முதல் படம் ராஷ்டிரகூடப் போரில் தொடங்குகிறது. அதைக்கூட விடலாம். கடம்பூர் மணிமேகலையை ஏன் எடுத்தார்கள்? நாவலின் கடைசி அத்தியாயம் அந்தப் பெண்ணுடையது, வந்தியத்தேவன் மடியில்தான் அவள் உயிர் போகிறது. சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் சொந்த மகன், நிஜ மதுராந்தகன் என்ற திருப்பமும் படத்தில் இல்லை. இரண்டு படமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம் ஓடுகிறது. இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உப்பளத்துக்காரர்:
புதுச்சேரியில் உட்கார்ந்து பேசிக்கொண்டு, இங்கே பிறந்த பை என்ற பையன் நடுக்கடலில் படகில் ஒரு புலியோடு மாட்டிக்கொள்ளும் லைஃப் ஆஃப் பையை விடலாமா? நாவலில் இல்லாத ஆனந்தி என்ற பெண்ணைப் படத்தில் சேர்த்தார்கள், அது எனக்கு வேண்டாத ஒட்டு. நேரு வீதி காபி ஹவுஸில் ஒரு பெரியவர் எழுத்தாளரிடம் கதையை எடுத்துக் கொடுப்பதில்தான் நாவல் ஆரம்பிக்கும், அந்தச் சுகம் படத்தில் இல்லை. ஆனால் படத்தின் இயக்குநர் ஆங் லீ ஒரு காரியம் செய்தார். கடைசியில் பை இரண்டாவது கதையைச் சொல்கிறானே, புலி இல்லாத கொடூரமான கதை, அதற்கு ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தப் பையனின் முகம், அவன் குரல், அவ்வளவுதான். எந்தக் கதையை நம்புவது என்று நம்மிடமே விட்டுவிட வேண்டும் என்பதுதான் நாவலின் உயிர். அதையும் படமாக்கிக் காட்டியிருந்தால் அந்தக் கேள்வியே செத்திருக்கும். அதனால் மாற்றலாமா கூடாதா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், எதைக் காப்பாற்ற மாற்றினார்கள் என்று பாருங்கள்.

குருசுக்குப்பத்தான்:
உப்பளத்தார் சொன்னதையே வைத்து அண்ணனுக்குப் பதில் சொல்கிறேன். மணிமேகலை இல்லாதது எனக்கும் வருத்தம்தான். ஆனால் சேந்தன் அமுதன் திருப்பத்தை எடுத்ததில் படம் ஒன்றைச் சம்பாதித்தது. அரியணைக்கு ஆசையே படாத பூக்காரப் பிள்ளைக்கு அருள்மொழி மகுடம் கொடுப்பது ஒன்று, அதற்காகச் சதியில் சேர்ந்தவனுக்கே கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய தியாகம்.

வீராணத்தான்:
இல்லை தம்பி. சதி செய்தவனுக்கு நாட்டைக் கொடுப்பது தியாகமா, குடிமக்களுக்குச் செய்யும் அநியாயமா? மதுராந்தகனான உத்தம சோழன் ஆண்டு முடித்து 985இல்தான் அருள்மொழி, அதாவது ராஜராஜன், பட்டத்துக்கு வந்தான். இடைப்பட்ட அத்தனை வருடமும் ஒரு நல்லவன் கையில் நாடு இருந்தது என்று வாசகன் நம்ப வேண்டும் என்றுதான் கல்கி அந்தத் திருப்பத்தை வைத்தார் என்பது என் முடிவு.

டியூனுக்கும் ஒன்று கேட்கிறேன், அடுத்த நாவல் படிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் சானி பவுலோடேயே வாழ்ந்து, இரட்டைக் குழந்தை பெற்று, அந்தப் பிரசவத்தில் சாகிறாள். பவுல் உடைந்துபோவதே அதில்தான். கோபித்துக்கொண்டு மணல்புழு ஏறிப் போனவளை வில்நேவ் மூன்றாம் பாகத்தில் எந்தக் காரணம் சொல்லித் திரும்ப அழைத்து வருவார்?

மஞ்சக்குப்பத்தாள்:
அவளாக ஏன் திரும்பி வர வேண்டும் அண்ணா, பவுல்தான் அவளைத் தேடிப் போகட்டுமே.