'கேரக்டர் ஆக்டர்': பாலையாவை வைத்து ஒரு வரையறை

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழு தொகுத்துவரும் அகராதியில் 'கேரக்டர் ஆக்டர்' என்பதற்கு இதுவரை துணை நடிகர், பாத்திர நடிகர், குணச்சித்திர நடிகர் என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முதலாவதை விலக்கிவிடலாம். விருதுப் பட்டியல்களில் எப்பொருளில் வழங்கினாலும், படப்பிடிப்புத் தளத்தில் துணை நடிகர் என்றால் கூட்டத்தோடு நிற்பவர் என்றே பொருள். தொழிலில் வேரூன்றிவிட்ட அந்தப் பொருளை நம் அகராதிப் பதிவு மாற்றிவிடாது. பாத்திர நடிகர் என்பதோ எவருக்கும் பொருந்தும். நாயகனும் ஒரு பாத்திரத்தைத்தானே ஏற்கிறான்? குணச்சித்திர நடிகர் என்பது பத்திரிகைகளிலும் தமிழக அரசின் திரைப்பட விருதுகளிலும் நெடுநாளாக வழங்கி, படிப்பவர் எவருக்கும் விளங்கும் சொல்லாக இருப்பதால், அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

ஆனால் அதற்கு நம் குழுவின் ஐயா அவர்கள் எழுதியனுப்பிய வரையறையை ஏற்க இயலவில்லை. நாயகன், வில்லன், நகைச்சுவை நடிகர் நீங்கலாக, தந்தை, அண்ணன், ஊர்ப் பெரியவர் முதலிய வேடங்களை ஏற்பவர் என்கிறது அது. இதன்படி டி. எஸ். பாலையாவை எங்கே வைப்பது? நாடக மேடையிலிருந்து வந்த அவர், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் 1936இல் வில்லனாகவே அறிமுகமானார். மறு ஆண்டே 'அம்பிகாபதி'யில் எம். கே. தியாகராஜ பாகவதருடன் வாள் சுழற்றிய ருத்ரசேனன் அவர்தான். 'வேலைக்காரி'யில் (1949) நாயகனுக்கு வழிகாட்டும் நண்பன் மணி, 'மதுரை வீரன்' (1956) படத்தில் சூழ்ச்சிக்கார நரசப்பன், 'பாகப்பிரிவினை'யில் (1959) கூட்டுக் குடும்பத்தின் மூத்த அண்ணன், 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் தவில்காரர் முத்துராக்கு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஐயாவின் வரையறை இவற்றுள் அண்ணனையும் இன்னும் ஓரிரு வேடங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடைய உழைப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது.

பாலையா ஏன் இப்படி எல்லா வேடங்களிலும் புகுந்தார் என்பதற்குக் காலச்சூழலிலேயே காரணம் இருக்கிறது. 1930களிலும் 40களிலும் நாயகனாவதற்கு முதல் தகுதி குரல்வளம். பாகவதரும் பி. யு. சின்னப்பாவும் பாடியே கொட்டகையை நிரப்பினார்கள். பாட்டை நம்பாமல் பேச்சாலும் உடலாலும் பிழைக்க வேண்டியவர்களுக்கு மற்ற வேடங்கள் வாய்த்தன. சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகளிலேயே இதற்கான விதை இருந்தது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (கள்வன் வேடம்), பபூன் (கோமாளி) என்று வேடங்கள் வகுக்கப்பட்டிருந்தாலும், மகரக்கட்டு உடைந்த, அதாவது பருவ வயதில் குரல் மாறிய பையன் பழைய பாட்டைப் பாட முடியாமல் வேறு வேடத்துக்கு மாறியே ஆக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் வசனம் கேட்க வேண்டும். வயதுக்குப் பொருந்தாத வேடத்தையும் நம்பும்படி செய்ய வேண்டும். வி. கே. ராமசாமி 1947இல் 'நாம் இருவர்' படத்தில் முதியவராக வந்தபோது அவருக்கு இருபது வயதைச் சற்றே தாண்டியிருந்தது என்றால், அந்தத் துணிவைக் கொடுத்தது மேடைதான்.

இந்தப் பயிற்சி திரையில் எப்படி வெளிப்பட்டது என்பதற்கு எல்லாரும் அறிந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். 'காதலிக்க நேரமில்லை'யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார். பேச்சு முழுவதும் அவருடையது. ஓசைகளையும் வாயாலேயே எழுப்புகிறார். பாலையாவுக்கு உட்கார்ந்து கேட்பது ஒன்றுதான் வேலை. தொடக்கத்தில் மகனின் படக்கதையைக் கேட்கும் பணக்காரத் தந்தையின் மிடுக்கு முகத்தில் இருக்கிறது; பிறகு ஆர்வம், பிறகு கலக்கம், கடைசியில் அப்பட்டமான பயம். கதை எங்கே ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்பதை நாம் பாலையாவின் முகத்தில்தான் தெரிந்துகொள்கிறோம். எதிரில் இருப்பவரின் பேச்சை முழுதாகக் கேட்கத் தெரிந்தவரால் மட்டுமே இப்படி நடிக்க முடியும். அவருடைய வேடங்களில் நான் மிகவும் போற்றுவது இதைத்தான்.

அடுத்த ஆண்டு வந்த 'திருவிளையாடல்' படத்தில் பாலையாவுக்குப் பாடகர் ஹேமநாத பாகவதர் வேடம். 'ஒரு நாள் போதுமா' பாடலுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணாவினுடையது. அந்தக் குரலுக்குரிய செருக்கு பாலையாவினுடையது. இரவில் விறகு விற்பவரின் பாட்டைக் கேட்டபின் அந்தச் செருக்கு கரைந்துபோகும் விதத்தையும் பாருங்கள். இவ்வேடத்தை வில்லன் என்பதா, நகைச்சுவை என்பதா? இரண்டும் கலந்து, இரண்டுக்கும் அப்பாற்பட்டு ஒரு மனிதனின் குணம் வரையப்பட்டிருக்கிறது. குணச்சித்திரம் என்ற சொல் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே வரையறையை இப்படி மாற்றலாம்: 'கதையில் தமக்குரிய இடம் எதுவாயினும், நாயகத் தோற்றத்தையோ புகழையோ சாராமல், தாம் ஏற்கும் பாத்திரத்தின் குணம், பேச்சு, நடை ஆகியவற்றைத் தனித்தன்மையோடு உருவாக்கும் நடிகர், எதிர்மறை வேடமும் நகைச்சுவை வேடமும் இதில் அடங்கும்.'

அடுத்து, நாடகத்தில் பயின்று திரைக்கு வந்தவரைக் குறிக்கத்தான் புதுச்சொல் தேவைப்படுகிறது. மேடை நடிகர் என்றால் இன்னும் மேடையில் இருப்பவர் என்று தோன்றும். குழுவின் அம்மா அவர்கள் பரிந்துரைத்த 'அரங்கவழி' அழகாக இருந்தாலும், அரங்கம் என்றதும் இன்று பலர் திரையரங்கையே நினைக்கிறார்கள். தமிழ்வழிக் கல்வி என்ற சொல்லாட்சியை ஒட்டி 'நாடகவழி நடிகர்' எனலாம். எம். என். நம்பியார், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. சாரங்கபாணி ஆகியோரின் பதிவுகளுக்கும் இது தடையின்றிப் பொருந்தும். 'நாடகவழிக் கலைஞர்' என்னுமிடத்தில் ஒற்று மிகும். 'நாடகவழி நடிகர்' என்னுமிடத்தில் மிகாது. பதிவேற்றும்போது இரு வடிவங்களையும் இவ்வாறே எழுத வேண்டுகிறேன். மறுப்பு இருப்பவர்கள், இவ்விரு சொற்களும் பொருந்தாத ஒரு நடிகரைச் சான்றாகக் காட்டி எழுதினால் வரையறையை மேலும் திருத்திக்கொள்ளலாம்.