உள்ளூர் அட்மின் கணக்கைப் பிடிக்க இன்வென்டரி ரிப்போர்ட் போதுமா?

வாளையார்க்காரன்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியது: "கான்ஃபிகரேஷன் மேனேஜர் இருந்தால் போதும், எந்தக் கணினியில் யார் அட்மின் என்று ரிப்போர்ட்டே சொல்லிவிடும்." படித்ததும் எரிச்சலாகிவிட்டது. கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்பது நிறுவனத்தின் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். அது ஒவ்வொரு கணினியின் விவரங்களையும் சேகரிக்கும் ஹார்டுவேர் இன்வென்டரி இயல்பாக ஓடுவது 7 நாளுக்கு ஒருமுறை. நான் வேலை செய்யும் பாலக்காட்டுக் கஞ்சிக்கோடு ஆலையில் இயந்திரம் சரிபார்க்க வந்தவர், செவ்வாய் காலை கணினியில் தனக்கொரு பயனர் கணக்கு போட்டு, அதில் எதையும் மாற்ற உரிமையுள்ள அட்மின் குழுவில் சேர்த்து, மாலையில் அழித்துவிட்டுப் போனார். ரிப்போர்ட்டில் எதுவுமே இல்லை. கணினி தானே எழுதிவைக்கும் செக்யூரிட்டி லாகில்தான் 4720, 4732, 4726 என்ற நிகழ்வு எண்கள் மூன்றும் கிடந்தன. உருவாக்கியது, குழுவில் சேர்த்தது, அழித்தது.

மதுக்கரை:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாமுங்க. 7 நாள் என்பது இயல்பான அமைப்பு. கிளையன்ட் செட்டிங்கில் போய் 1 நாள் என்று மாற்ற இரண்டு நிமிடம் ஆகாது. அதைக்கூட மாற்றாமல் கருவியைக் குறை சொல்கிறீர்கள்.

வாளையார்க்காரன்:
1 நாள் ஆக்கினாலும் காலையில் சேர்த்து மாலையில் எடுத்தவன் தப்பிவிடுவான். ஆனால் நீங்கள் எழுதியபோது 1 நாள் என்று எழுதவில்லை. "இருந்தால் போதும்" என்று எழுதினீர்கள். இருந்தால் மட்டும் என்றால் 7 நாள்தான்.

கொழிஞ்சாம்பாறை:
இருவரும் நாட்களையே எண்ணுகிறீர்கள். எங்களுக்கு ஜெர்மன் விண்டோஸோடு ஒரு கணினி வந்தது. அதில் அட்மின் குழுவின் பெயர் 'அட்மினிஸ்ட்ராட்டோரன்'. ஆங்கிலப் பெயரைத் தேடிய ஸ்கிரிப்ட் அதைத் தாண்டிப் போய்விட்டது. பெயரை விடுங்கள், விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் குழுவுக்கும் தரும் அடையாள எண்ணான எஸ்ஐடியைத் தேடுங்கள்: எஸ்-1-5-32-544. எல்லா மொழியிலும் அதேதான். மறக்கவும் மறக்காது, வாளையார் வழியாகப் போகும் நம் நெடுஞ்சாலையும் 544தான்.

வாளையார்க்காரன்:
நல்ல தகவல் அண்ணே. ஆனால் 544ஐ வாரம் ஒருமுறை பார்த்தால் அதுவும் 7 நாள் பழசுதான்.

மதுக்கரை:
லாக், லாக் என்கிறீர்கள். லாக் இருப்பது அதே கணினியில். அட்மின் ஆனவன் அதைத் துடைத்துவிட்டுப் போனால்?

வாளையார்க்காரன்:
துடைத்தால், துடைத்ததையே சொல்லும் 1102 என்ற நிகழ்வு விழும். அதோடு நிகழ்வுகளை உடனுக்குடன் வேறு சர்வருக்கு அனுப்பி வைக்க வேண்டும். இதைப் போன வருஷமே இங்கே எழுதினேன். அப்போது "சின்ன ஆலைக்கு எதற்கு இவ்வளவு" என்று சிரித்தவர் நீங்கள்தான். நான் மறக்கவில்லை.

மதுக்கரை:
சிரித்தது உண்மை. நீங்கள் ஒன்றுக்குப் பத்து பதிவு போட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்களிடம் உள்ளூர் அட்மின் பாஸ்வேர்டைப் பார்த்துக்கொள்ளும் லேப்ஸ் இருக்கிறது, பாஸ்வேர்டு 30 நாளுக்கு ஒருமுறை தானாக மாறுகிறது. கோவையில் இதெல்லாம் எப்போதோ முடித்துவிட்டோம்.

வாளையார்க்காரன்:
லேப்ஸ் கவனிப்பது நீங்கள் காட்டிய ஒரு கணக்கை. பக்கத்தில் புதிதாக முளைத்த கணக்கை அது எண்ணாது. அப்புறம் கோவை, பாலக்காடு என்று எதற்குப் பிரிக்கிறீர்கள்? தினமும் காலையில் கோவையிலிருந்து பஸ் ஏறிக் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வருபவர்களும் உங்கள் ஊர்க்காரர்கள்தானே?

கொழிஞ்சாம்பாறை:
ஊர்ச் சண்டை வேண்டாமே. டொமைனில், அதாவது நிறுவனத்தின் பொது வலையமைப்பில், சேர்ந்த கணினியில் கணக்குப் பட்டியலைத் தரும் வின்32_யூசர்அக்கவுன்ட்டைக் கேட்கும்போது 'லோக்கல் அக்கவுன்ட் மட்டும்' என்ற வடிகட்டியைப் போடுகிறீர்களா? போடாவிட்டால் டொமைனில் உள்ள எல்லோரையும் இழுத்துக்கொண்டு வரும்.

மதுக்கரை:
அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். பாடம் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை:
பாடம் எடுக்கவில்லை. கேட்டேன், அவ்வளவுதான். இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்.

வாளையார்க்காரன்:
அண்ணனையும் துரத்திவிட்டீர்கள். சரி, நான் கேட்டதற்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை வந்து போன அந்தக் கணக்கை உங்கள் ரிப்போர்ட் காட்டுமா, காட்டாதா? 7 நாள்.

மதுக்கரை:
1 நாள். மாற்றி வைத்திருக்கிறேன் என்று எத்தனை தடவை சொல்வது?

வாளையார்க்காரன்:
செவ்வாய் காலை, செவ்வாய் மாலை. இன்னும் பதில் வரவில்லை.