முன்பல் இடைவெளி, மண்ணிறத் திட்டு: கொம்போசிட் பொண்டிங் செய்ய முதல் என்ன செய்யவேணும்?

நெடுங்கேணிப் பெடியன்

வணக்கம். தங்கச்சிக்கு 24 வயது. மேல் முன்பல் ரண்டுக்கும் நடுவில 2 மி.மீ. அளவு இடைவெளி. சின்னனிலயிருந்தே இருக்கு, கூடேல்ல. வலப்பக்கப் பல்லின்ர மூலை கொஞ்சம் உடைஞ்சிருக்கு. அதோட முன்பல் நாலிலயும் வெள்ளைக் கோடும் மண்ணிறத் திட்டும். வீட்டில எப்பவும் குழாய்க்கிணத்துத் தண்ணிதான்.

ஆவணியில கலியாணம், இன்னும் மூண்டு மாதம் கிடக்கு. ஒரு கிளினிக்கில, ஒரே நாளில பொண்டிங் (கொம்போசிட் எண்ட பல் நிறப் பிசினைப் பல்லில ஒட்டிக் கட்டுறது) செய்து முடிக்கலாம் எண்டு சொல்லியிருக்கினம். பல்லை ராவுவினமோ? எத்தனை வருசம் நிக்கும்? வெளுக்கப்பண்ணிப்போட்டுப் பொண்டிங் செய்யிறதோ, பொண்டிங் செய்துபோட்டு வெளுக்கிறதோ?

கனகராயன் (பல் வைத்தியர்)

வெளுப்பதுதான் முதல். பல்லை வெளுக்கும் மருந்து கொம்போசிட்டை வெளுக்காது. பொண்டிங்கை முதலில் செய்தால் பல் ஒரு நிறம், ஒட்டினது ஒரு நிறமாக நிற்கும். வெளுத்த அடுத்த நாளே ஒட்டவும் கூடாது. வெளுக்கும் மருந்திலுள்ள பெரொக்சைட்டிலிருந்து வந்த ஒட்சிசன் எனாமலுக்குள் (பல்லின் வெளிப்படை) தங்கி நின்று பிசின் இறுகுவதைக் கெடுக்கும். குறைந்தது 2 கிழமை விடவேண்டும். ஒரே நாளில் எல்லாம் முடியும் என்பது ஒட்டும் வேலைக்கு மட்டும் சரி.

ராவுவதைப் பற்றி: உங்கள் தங்கச்சியின் இடைவெளிக்குப் பெரும்பாலும் ராவத் தேவையில்லை. உடைந்த மூலையில் மட்டும் ஓரத்தைச் சாய்வாகத் தேய்ப்பார்கள், பல்லும் பூச்சும் சேரும் கோடு தெரியாமல் இருக்க. மரப்பு ஊசியும் அநேகமாக வேண்டிவராது.

வேலை நடக்கும் விதம் இது. நிறம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் முன், பல் ஈரமாக இருக்கும்போதே. வாய் திறந்து சில நிமிடத்தில் பல் காய்ந்து வெளிறிவிடும். அப்போது எடுத்த நிறம் மறுநாள் பொருந்தாது. ஒட்டாமல் ஒரு பொட்டுக் கொம்போசிட்டைப் பல்லில் வைத்து லைற் பிடித்து இறுக்கி, யன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கழற்றுவதே நல்ல சோதனை. பிறகு றப்பர் டாம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடும் றப்பர் தாள்) போட்டு, 37% பொஸ்போரிக் அமிலத்தை எனாமலில் 15 முதல் 30 செக்கன் வைத்து நன்றாகக் கழுவி உலர்த்தினால் அந்த இடம் சோக்குக்கட்டி மாதிரி வெளிறவேண்டும். அதன்மேல் பொண்டிங் திரவத்தைத் தேய்த்து, காற்றடித்து மெல்லிய படலமாக்கி, நீல லைற் பிடிப்பார்கள். கொம்போசிட்டை 2 மி.மீ. தடிப்புக்கு மேற்படாத அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்கவேண்டும். தடிப்பாக ஒரேயடியாக வைத்தால் அடிப்பகுதி இறுகாமல் மெதுவாகவே கிடக்கும்.

நான் அதிகம் யோசிப்பது உங்கள் 2 மி.மீ. பற்றித்தான். ஒரு பல்லிலேயே முழுவதையும் கட்டக்கூடாது. இரண்டுக்கும் 1 மி.மீ. வீதம் பங்கிடவேண்டும். மேல் நடுப்பல் சராசரியாக 8.5 மி.மீ. அகலம், 10.5 மி.மீ. உயரம். அகலம் உயரத்தின் 75 முதல் 80 வீதமாக இருந்தால் கண்ணுக்கு அழகு. சராசரிப் பல்லில் 1 மி.மீ. கூட்டினால் 90 வீதத்துக்குப் போய்ப் பல் சதுரமாகத் தெரியும். தங்கச்சியின் பல் இயல்பிலேயே ஒடுக்கமென்றால் பிரச்சினையில்லை. அகலமென்றால் கம்பி போட்டு இடைவெளியை ஒடுக்குவதுதான் முறை. அது கலியாணத்துக்கு முன் முடியாது. அளந்து, மெழுகில் மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள்.

பாலியாறு (பல் வைத்தியர்)

கனகராயன் சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். அந்தத் திட்டு அநேகமாகத் தண்ணீரிலுள்ள புளோரைட்டால் வந்தது. வவுனியாப் பக்கத்துப் பாறைநிலக் குழாய்க்கிணறுகள் பலவற்றில் புளோரைட் கூடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் மேல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்.

இப்படியான பல்லில் வெளி எனாமல் அமிலத்துக்கு இலகுவில் அசையாது; அதற்குக் கீழ்ப் படையோ நுண்துளையுள்ளது. வழக்கமான 15 செக்கன் அமிலம் பிடித்தால் அந்தச் சோக்குக்கட்டி நிறம் வராது, அல்லது அங்குமிங்குமாக வரும். அதன்மேல் ஒட்டினால் சில மாதத்தில் ஓரம் கிளம்பும். ஆகவே மேற்படையை மெல்லமாக நீக்கிவிட்டு, அமிலத்தைக் கூடுதல் நேரம் விட்டு, நிறம் சீராக வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே ஒட்டவேண்டும்.

இன்னொன்று. மண்ணிறத் திட்டை மறைக்கப் பல் முழுவதற்கும் கொம்போசிட் பூச விடாதேயுங்கோ. இருண்ட நிறத்தை மறைக்கத் தடிப்பான, ஒளி புகாத பூச்சு வேண்டும். பல் உப்பிப்போய் உயிரில்லாமல் தெரியும். முதலில் நுண்தேய்ப்பு. 6.6% ஐதரோகுளோரிக் அமிலமும் சிலிக்கன் காபைட் துகளும் கலந்த பசையால் மேற்பரப்பை மிகச் சிறிதளவு தேய்ப்பது. மண்ணிறம் இதற்கு நன்றாகக் கேட்கும். அதன்பின் வெளுப்பு: 10% காபமைட் பெரொக்சைட் மருந்தை விட்ட தட்டை இரவில் பல்லில் மாட்டுவது. முதல் சில நாள் வெள்ளைக் கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும். பயந்து நிறுத்தவேண்டாம், சுற்றுப்பல்லும் வெளுக்க அது அடங்கும். மிச்சமிருக்கும் வெள்ளைக்குப் பிசின் ஊடுருவல் இருக்கிறது: 15% ஐதரோகுளோரிக் அமிலம் 2 நிமிடம், மதுசாரத்தால் உலர்த்தல், தண்ணீர் போன்ற பிசினை 3 நிமிடம் ஊறவிடுதல். ஊடுருவினதும் பிசின்தான், ஆகவே அதற்கும் அந்த 2 கிழமை இடைவெளி பொருந்தும். இவ்வளவும் முடிந்தால் கொம்போசிட்டுக்கு இடைவெளியும் மூலையும் மட்டுமே மிஞ்சும்.

தங்கச்சியின் பல்லில் இனிப் புதிதாகத் திட்டு வராது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கவனியுங்கள். தெரியும் பற்கள் உருவாகும் வயதில்தான் இது ஏறுகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் புளோரைட் போகாது, ஆவியாகப் போகப்போகச் செறிவு கூடும். ஆர்.ஓ. தண்ணீர் கொடுங்கள்.

நெடுங்கேணிப் பெடியன்

நன்றி டொக்டர். பல்லு மினுக்கேக்க முரசில கொஞ்சம் ரத்தம் வாறது. அது இருக்கச் செய்யலாமோ? பிறகு சாப்பாட்டில என்ன விடவேணும்?

மாங்குளம் அக்கா (பல் சிகிச்சையாளர்)

தம்பி, இரத்தம் வரும் முரசுக்குப் பக்கத்தில் ஒட்டவே கூடாது. ஒரு சொட்டு இரத்தமோ உமிழ்நீரோ அமிலம் பிடித்த இடத்தில் பட்டால் ஒட்டு அங்கேயே கெட்டுப்போகும். மாவட்ட வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவிலேயே பல்லில் படிந்த காரையை எடுப்பிக்கலாம். பிறகு 2 கிழமை ஒழுங்காக மினுக்கி, பல்லிடை நூலும் போட்டால் முரசு இறுகும்.

பொண்டிங் முடிந்து கதிரையை விட்டு எழும்ப முதல் இரண்டு சோதனை செய்யச் சொல்லுங்கோ. ஒன்று, புதிதாகக் கட்டின இடத்தில் நூல் விட்டுப் பார்ப்பது. நூல் கிழிந்து சிலும்பினால் முரசோரம் கொம்போசிட் பிதுங்கி நிற்கிறது. அதை விட்டால் ஊத்தை தங்கி முரசு திரும்ப வீங்கும். மற்றது, நிறத்தாளைக் கடிக்கவைத்து, கீழ்த்தாடையை முன்னுக்கும் பக்கத்துக்கும் அசைத்துப் பார்ப்பது. கட்டின மூலையில் அடையாளம் பலமாக விழுந்தால் அது கெதியில் உடையும். பல் நெருமும் பழக்கம் இருந்தால் இரவுக்குக் கவசம் வேண்டும்.

கழன்ற விதத்தைப் பார்த்தே காரணம் பிடிக்கலாம். முதல் மாதத்துக்குள் முழுதாகக் கழன்றால் ஈரம், அல்லது வெளுத்தபின் பொறுக்கவில்லை. மூலை மட்டும் உதிர்ந்தால் கடி. ஒட்டுக் கோடு மண்ணிறமானால் ஓரம் சரியாகப் பிடிக்கவில்லை. மேற்பரப்பு மங்கினால் பொலிஷ் குறைவு. நம்மூர் வெக்கையில் இன்னொன்றும் உண்டு: பொண்டிங் போத்தலை மூடாமல் மேசையில் வைத்தால் கரைப்பான் ஆவியாகித் திரவம் தடிக்கும், பிறகு ஒட்டுப் பலப்படாது.

சாப்பாட்டில் புழுக்கொடியல், கரும்பு, கச்சான் கோது மூன்றையும் முன்பல்லால் கடிக்கவே கூடாது. புழுக்கொடியலை இடித்துச் சாப்பிடலாம், அல்லது கடைவாயில் வைக்கலாம். முதல் 2 நாள் தேத்தண்ணியும் மஞ்சள் கறியும் குறைவாக. வெத்திலை போட்டால் கறை நிச்சயம். உமிக்கரியும் கரித்தூளும் பொலிஷை உரசி எடுத்துவிடும், மெல்லிய தூரிகையும் சாதாரண பற்பசையும் போதும். குளோரெக்சிடின் வாய்கொப்பளிப்பைக் கனநாள் பாவித்தாலும் மண்ணிறம் ஏறும்.

கனகராயன்

ஆயுள் கேட்டிருந்தீர்கள். நல்ல ஒட்டு 5 முதல் 7 வருடம், இடையிடையே பொலிஷும் சிறு திருத்தமும் தேவைப்படும். உடைந்தால் அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி மேலே புதிதாகக் கட்டலாம். பீங்கான் பூச்சு கூடக் காலம் நிற்கும், ஆனால் பெரும்பாலும் எனாமலை ராவவேண்டும், ராவினது திரும்பி வளராது. 24 வயதில் நான் அதற்குப் போகச் சொல்லமாட்டேன்.

மூன்று மாதத்தில் இப்படி நகர்த்தலாம்: முதல் 3 கிழமையில் முரசு, நாலாம் கிழமை நுண்தேய்ப்பு, அதிலிருந்து 7ஆம் கிழமை வரை வெளுப்பு, 8உம் 9உம் சும்மா விடுவது, 10இல் பொண்டிங், 11இல் திரும்பப் போய்க் கடியும் பொலிஷும் பார்ப்பது. 12ஆம் கிழமையை எதுவும் பிந்தினால் எடுப்பதற்காக வையுங்கள். செய்யப்போகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா என்று முதல் நாளே கேளுங்கள். றப்பர் டாம் போடுவாரா என்பதையும் அதோடு கேட்டுவிடுங்கள்.